கால்வாசிக் கூட்டம், அதே வரிசை: கொரோனா காலத்தில் தீம் பார்க்குகள் ஓடிய கணக்கு

2020 ஜூனில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ஃபியூஜி மலை அடிவாரத்தில் இருக்கும் ஃபியூஜி-க்யூ ஹைலேண்ட் பூங்காவின் உயர் அதிகாரிகள் இருவர், மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபியூஜியாமா ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். 79 மீட்டர் உயரத்திலிருந்து வண்டி பாய்கிறது. இருவரும் வாயே திறக்கவில்லை. பல் டாக்டர் வாசலில் முறைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அசையாமல் இருக்கிறார்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் வருகிறது: அலறலை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் வீடியோவுக்குப் பின்னால் இருந்தது கறாரான விதி. பூங்காக்களை மறுபடி திறக்க ஜப்பானிய தீம் பார்க் சங்கங்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டுதலில், ரைடுகளில் கத்த வேண்டாம் என்றே இருந்தது. கத்தினால் எச்சில் துளி தூரம் போகும், துளியோடு வைரஸும் போகும். கத்துவதற்காகவே காசு கொடுத்து வரும் ஓர் இடத்தில் கத்தாதே என்று சொல்ல வேண்டிய நிலைமை.

அந்த இரண்டு வருடமும் தீம் பார்க் பற்றி வந்த செய்திகளில் "25 சதவீதக் கொள்ளளவு", "கட்டம் கட்டமாகத் திறப்பு", "மெய்நிகர் வரிசை" என்று சில சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுக்கு உள்ளே என்ன நடந்தது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. ரைடுகள் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படியே எழுதுகிறேன்.

முதலில் பூட்டு

ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 ஜனவரி 25 அன்று மூடியது. சீனப் புத்தாண்டு நேரம், கூட்டம் அலைமோத வேண்டிய வாரம். மறுநாள் ஹாங்காங். பிப்ரவரி 29 அன்று டோக்கியோ. மார்ச் 14 அன்று கலிஃபோர்னியா, அடுத்த ஓரிரு நாளில் ஃபுளோரிடாவும் பாரிஸும். மார்ச் நடுவில் உலகத்தில் டிஸ்னி பெயரில் ஓடிய 12 பூங்காக்களும் ஒரே சமயத்தில் பூட்டிக் கிடந்தன.

பூட்டினால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ரோலர் கோஸ்டர் வண்டியின் சக்கரங்களில் பாலியூரிதேன் பூச்சு இருக்கும். வண்டியை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால், தண்டவாளத்தில் அழுந்தும் பக்கம் தட்டையாகிவிடும். அப்புறம் ஓட்டினால் தடதடவென்று ஆடும். ஆகவே ஆளே இல்லாத பூங்காவிலும் வண்டியை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும், அல்லது சக்கரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். தண்ணீர் ரைடுகளில் தண்ணீர் தேங்கி அழுகாமல் பார்க்க வேண்டும். ஃபுளோரிடாவின் அனிமல் கிங்டம் பூங்காவில் உயிருள்ள விலங்குகள் இருக்கின்றன. லாக்டவுன் என்று ஒட்டகச்சிவிங்கியிடம் சொல்ல முடியாது. வருமானம் நின்றது, செலவு நிற்கவில்லை. அந்த அழுத்தத்தை மனசில் வைத்துக்கொண்டால்தான் பிறகு வந்த அறிவிப்புகளின் அவசரம் புரியும்.

25 சதவீதம் என்றால் என்ன?

ஷாங்காய் பூங்கா 2020 மே 11 அன்று திறந்தது. டிஸ்னி பூங்காக்களில் முதலில் திறந்தது அதுதான். வழக்கமாக ஒரு நாளைக்கு 80,000 பேர் வரை வரக்கூடிய இடத்தில், அரசு வைத்த வரம்பு 30 சதவீதம், அதாவது 24,000 பேர். அதற்கும் குறைவான எண்ணிக்கையில்தான் தொடங்கப்போவதாக நிறுவனம் சொன்னது. ஃபுளோரிடாவில் ஜூலையில் திறந்தபோது 25 சதவீதத்தில் ஆரம்பித்து, நவம்பரில் 35 சதவீதத்துக்கு ஏற்றினார்கள்.

இதைப் படித்த யாருக்கும் ஓர் ஆசை வரும். கால்வாசிக் கூட்டம்தானே, போனால் எல்லா ரைடிலும் வரிசையே இல்லாமல் ஏறிவிடலாமே? போனவர்கள் பலர் அசந்துபோனார்கள். வரிசை ரைடுக்கு வெளியே, நடைபாதை வரை வளைந்து வந்து நின்றது.

காரணத்தைப் பார்க்க, ரோலர் கோஸ்டர் நடைமேடைக்கே போய் நிற்போம். ஓர் உதாரண வண்டி: 6 வரிசை, வரிசைக்கு 4 இருக்கை, மொத்தம் 24 பேர். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது. ஒரு மணி நேரத்தில் 40 வண்டி, 960 பேர். நடைமேடை வாசலில் ஓர் ஊழியர் நின்று "நீங்க எத்தனை பேர்?" என்று கேட்டு, மூன்று பேர் குடும்பத்தோடு தனியாக வந்த ஒருவரைச் சேர்த்து, இரண்டு ஜோடிகளை ஒரே வரிசையில் போட்டு, ஓர் இருக்கைகூடக் காலியாகப் போகாமல் நிரப்புவார். கேட்க எளிது. நாள் முழுக்க விரலைக் காட்டிக்காட்டி அதைச் செய்வது தனித் திறமை. அவர் கையில்தான் பூங்காவின் வேகமே இருக்கிறது.

கொரோனா வந்ததும் அவர் வேலை தலைகீழானது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில்தான் ஆள் உட்காரலாம். ஆக 3 வரிசை, 12 இருக்கை. அதிலும் தெரியாதவர்களை ஒரே வரிசையில் சேர்க்கக்கூடாது. ஒரு ஜோடி வந்தால் 4 இருக்கையும் அவர்களுக்கே, இரண்டு காலி. தனியாக வந்தவருக்கும் ஒரு முழு வரிசை. சராசரியாக வண்டிக்கு 8 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஏறி இறங்குவதால் ஒன்றரை நிமிடம் இரண்டு நிமிடமாகிறது. மணிக்கு 30 வண்டி, வண்டிக்கு 8 பேர், மொத்தம் 240.

960-இல் 240 என்பது சரியாகக் கால்வாசி. கூட்டமும் கால்வாசி, ரைடு ஏற்றும் ஆளும் கால்வாசி. முன்பு 300 பேர் நின்றால் 19 நிமிடத்தில் தீரும். இப்போது 75 பேர் நின்றாலும் அதே 19 நிமிடம். நடுவில் வண்டியைத் துடைக்க நிறுத்தினால் அதற்கு மேல். இது நான் போட்ட உதாரணக் கணக்குதான், ரைடுக்கு ரைடு மாறும். ஆனால் "கொள்ளளவு" என்ற சொல்லின் சூட்சுமம் இதில் இருக்கிறது. வாசலில் எத்தனை பேரை விடுகிறோம் என்பது ஒரு கணக்கு, உள்ளே மணிக்கு எத்தனை பேரை ரைடுகள் விழுங்குகின்றன என்பது இன்னொரு கணக்கு. செய்திகளில் முதல் கணக்கு மட்டும்தான் வந்தது.

எல்லா ரைடும் இப்படி அடிபடவில்லை. டிஸ்னியின் பேய் வீட்டு ரைடான ஹான்டட் மேன்ஷன் மாதிரி இடைவிடாமல் நகரும் சங்கிலியில் சின்னச் சின்னக் கூண்டு வண்டிகள் கோத்த ரைடுகள் உண்டு. அங்கே ஒவ்வொரு குடும்பமும் ஏற்கெனவே தனிக் கூண்டில்தான் உட்காருகிறது. வழிமுறையைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதே ஹான்டட் மேன்ஷனின் தொடக்கத்தில், கூட்டத்தை ஓர் அறையில் நெருக்கமாக நிறுத்தி, சுவர் நீள்வது போலக் காட்டும் முன்காட்சி ஒன்று இருக்கிறது. ஃபுளோரிடாவில் அதை நிறுத்திவிட்டு, அந்த அறையை வெறும் நடைவழியாக ஆக்கினார்கள். பேய் வீட்டில் பேயைவிட பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குப் பயந்த காலம்.

வரிசை என்பது ஓர் அறை

தீம் பார்க்கில் வரிசைக்கு இன்னொரு வேலை உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கூட்டமான நாளில் பூங்காவுக்குள் இருப்பவர்களில் பெரும் பங்கினர் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். ரைடு கட்டடங்களுக்குள் வளைந்து வளைந்து போகும் வரிசைகளில், அரங்குகளில், உணவகங்களில், கடைகளில் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தால் நடக்க இடம் இருக்காது. அதாவது கூட்டத்தை ஒளித்து வைக்கும் அறைதான் வரிசை.

கொரோனா அந்த அறையைப் பறித்தது. கட்டடத்துக்குள் போகும் வரிசை காற்றோட்டம் குறைந்தது. பாம்பு போல மடிந்து மடிந்து வரும் வரிசையில் ஒருவருக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டால் போதாது; பக்கத்து மடிப்பில் நிற்பவர் முழங்கை தூரத்தில் இருப்பார். அதற்காக மடிப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கண்ணாடித் தடுப்புகளை நட்டார்கள். தடுப்பு வைக்க முடியாத இடத்தில் வரிசையை வெளியே இழுத்தார்கள். 3 பேர் குடும்பம் ஒரு மீட்டர் நிற்கிறது, பின்னால் 2 மீட்டர் இடைவெளி. 25 குடும்பத்துக்கே 75 மீட்டர். தரையில் ஒட்டிய கோடுகளில் ஒவ்வொரு குடும்பமாக நகர்ந்துகொண்டே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் பூங்கா நிரம்பி வழிவது போலத் தெரியும். "கூட்டம் குறைவு என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று கோபப்பட்டவர்கள் பார்த்தது இதைத்தான். ஒளிந்திருந்த வரிசை வெளியே வந்து நின்றது, அவ்வளவுதான்.

ஃபாஸ்ட்பாஸ் ஏன் காணாமல் போனது என்பதற்கும் இதே விடைதான். ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு வந்து குறுக்கு வரிசையில் சீக்கிரம் ஏறும் வசதி அது. 1999 முதல் டிஸ்னி அதை இலவசமாகக் கொடுத்துவந்தது. அதற்கென்று ஒவ்வொரு ரைடிலும் தனியாக ஒரு வரிசைப் பாதை உண்டு. இடைவெளி விட இடம் தேவைப்பட்டபோது அந்தப் பாதையையும் சாதாரண வரிசைக்கே எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் இருக்கையே குறைந்துவிட்ட நிலையில், இருப்பதை இரண்டு வரிசைக்குப் பங்கு போடுவதிலும் அர்த்தம் இல்லை.

அதற்கு எதிர்ப்பக்கம் மெய்நிகர் வரிசை. காலால் நிற்காமல் போனில் நிற்பது. ஆப்பில் பெயர் கொடுத்துவிட்டுச் சுற்றலாம். உங்கள் குழுவின் எண் வந்ததும் கூப்பிடுவார்கள். ஃபுளோரிடாவில் ஸ்டார் வார்ஸ் ரைடான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் 2019 டிசம்பரில் திறந்தபோதே இந்த முறையில்தான் ஓடியது, ஆக இது கொரோனா கண்டுபிடித்த விஷயமில்லை. ஆனால் வரிசையில் ஆளை நிறுத்தவே கூடாது என்ற காலத்தில் அது கைகொடுத்தது. குறையும் உண்டு. இடம் கிடைப்பது விரல் வேகத்தைப் பொறுத்தது. சில நொடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். வயதானவர்களுக்கும் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கும் இது நியாயமான வரிசை என்று என்னால் சொல்ல முடியாது. காலில் நிற்கும் வரிசையில் முதலில் வந்தவன் முதலில் போவான் என்ற நேர்மையாவது இருந்தது.

மாஸ்க், வெப்பமானி, துடைத்தல்

இவை எல்லோரும் வாழ்ந்து பார்த்த விஷயங்கள், ஆகவே சுருக்கமாகப் போகலாம். ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காக்களில் மாஸ்க் கட்டாயம். சிலர் கையில் ஒரு பாக்கெட் பாப்கார்னை வைத்துக்கொண்டு, சாப்பிடுகிறேன் என்ற பெயரில் நாள் முழுக்க மாஸ்க் இல்லாமல் உலாவினார்கள். திறந்து சில நாளிலேயே விதி இறுகியது: சாப்பிடுவதானால் ஓரிடத்தில் நின்று, மற்றவர்களிடமிருந்து விலகிச் சாப்பிட வேண்டும். ரைடின் நடுவே மாஸ்க்கைக் கழற்றினால், ரைடு ஓடும்போது பூங்கா கேமரா எடுத்து இறங்கும் இடத்தில் தரும் அந்த அலறல் போட்டோ கிடைக்காது. அபராதத்தைவிட இது நல்ல தந்திரம் என்று தோன்றுகிறது. ஞாபகத்துக்கு ஒரு போட்டோ கிடைக்காமல் போவது குழந்தைகளோடு வந்தவர்களுக்கு உறைக்கும்.

வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லாமலே தொற்றைச் சுமப்பவர்களை அது பிடிக்காது. துடைப்பதும் அப்படித்தான். 2020-இல் கைப்பிடியைத் துடைப்பதும் இருக்கைக்கு மருந்து தெளிப்பதும் எல்லா அறிவிப்பிலும் முதல் வரியாக இருந்தன. பிறகு 2021 ஏப்ரலில், தொட்ட பொருளிலிருந்து தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொன்னது. காற்றுதான் முக்கியம் என்பது தெளிவானபோது, திறந்தவெளி ரைடுகள் எவ்வளவோ மேல் என்பதும் தெளிவானது. துடைப்பவர் கண்ணில் படும்படி துடைத்ததில் பாதி வைரஸுக்கு, மீதி வாடிக்கையாளரின் மனதுக்கு. மனதுக்குச் செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காக ரைடை நிறுத்தி வைத்தபோது வரிசை நீண்டது என்பதும் உண்மை.

ஊர்வலமும் வாணவேடிக்கையும் நின்றன. இரண்டுமே ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட்டத்தைச் சேர்ப்பவை. மாற்றாக, நேரம் அறிவிக்காமல் நாலைந்து கதாபாத்திரங்கள் ஒரு வண்டியில் கையசைத்தபடி தெருவைக் கடந்து போயின. எப்போது வரும் என்று தெரியாததால் யாரும் முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார முடியாது. அந்த எதிர்பாராத தன்மையை ரசித்தவர்கள் நிறையப் பேர். ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் வாணவேடிக்கை 2021 ஜூலை 1 அன்றுதான் திரும்பியது.

ஒரே நிறுவனம், இரண்டு காலண்டர்

புதிதாகச் செய்தி படிப்பவர்களை அதிகம் குழப்பியது தேதிகள். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் போட்டியாளரான யுனிவர்சல் ஆர்லாண்டோ 2020 ஜூன் 5 அன்று திறந்தது. அதே ஃபுளோரிடாவில் டிஸ்னி ஜூலை 11 அன்று இரண்டு பூங்காக்களையும் 15 அன்று மற்ற இரண்டையும் திறந்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டும் ஜூலை 17 அன்று திறக்கும் என்று அறிவித்தார்கள். 1955-இல் பூங்கா பிறந்த தேதி அது, 65-ஆம் ஆண்டு. பிறகு ஜூன் கடைசியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள், மாநில அரசின் வழிகாட்டுதல் வரவில்லை என்பதால். அது உண்மையில் திறந்தது 2021 ஏப்ரல் 30. மூடியதிலிருந்து 412 நாள்.

ஒரே நிறுவனம், ஒரே மாதிரி ரைடு, ஒரே மாஸ்க். ஆனால் கதவைத் திறக்கும் சாவி வேறு வேறு கையில். ஃபுளோரிடாவில் பூங்கா தன் திட்டத்தை மாவட்ட அளவிலான குழுவிடம் காட்டி, மாநிலத்தின் ஒப்புதல் வாங்கினால் போதும். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தொற்று அளவை வைத்து ஒரு நிறம். பெரிய தீம் பார்க் திறக்க, பரவல் மிகக் குறைந்த மஞ்சள் நிறத்துக்கு வர வேண்டும், அப்போதும் 25 சதவீதம்தான் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. 2021 ஏப்ரல் முதல் அதைத் தளர்த்தி, சிவப்பு நிறத்தில் 15, ஆரஞ்சில் 25, மஞ்சளில் 35 சதவீதம் என்று ஆக்கினார்கள். முதலில் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி.

மூடியிருந்த நாட்களில் டிஸ்னிலேண்ட் சும்மா இருக்கவில்லை. 2021 ஜனவரியில் அதன் பார்க்கிங் இடம் பெரிய தடுப்பூசி மையமானது. மார்ச்சில் பக்கத்துப் பூங்காவில் ரைடு எதுவும் ஓடாமல், 75 டாலர் டிக்கெட்டில் ஓர் உணவுத் திருவிழா நடத்தினார்கள். தீம் பார்க் என்றால் மூடு, நடந்துபோய்ச் சாப்பிடும் இடம் என்றால் திற என்று விதி இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

திறப்பது என்பது ஒருமுறை நடந்து முடியும் நிகழ்ச்சியும் இல்லை. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2020 ஜூன் 18 அன்று திறந்து, ஜூலை 15 அன்று மூடி, செப்டம்பரில் திறந்து, டிசம்பரில் மூடி, 2021 பிப்ரவரியில் திறந்து, 2022 ஜனவரியில் மறுபடி மூடி, ஏப்ரலில் திறந்தது. அங்கே வேலை பார்த்தவர்களின் மாதச் சம்பளம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போன கணக்கு இன்னும் பெரிது: 2020 செப்டம்பர் கடைசியில் டிஸ்னி 28,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர ஊழியர்கள். நடைமேடையில் "எத்தனை பேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

நின்றவை, நிலைத்தவை

மாஸ்க் போனது, தடுப்புக் கண்ணாடி போனது, வண்டியின் எல்லா வரிசையும் நிரம்பியது. எந்த நாளில் வருகிறோம் என்று டிக்கெட்டோடு தனியாக முன்பதிவும் செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் நீண்ட நாள் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தைக் குறைக்க வந்த அது, எந்த நாளுக்கு எத்தனை ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள நிறுவனத்துக்கு வசதியாக இருந்தது. வருடப் பாஸ் வைத்திருந்தவர்களுக்கோ, மாலையில் தோன்றினால் எட்டிப் பார்த்துவிட்டு வரும் சுகம் போய்விட்டது. ஃபுளோரிடாவில் தேதி போட்ட டிக்கெட்டுகளுக்கு அந்த முன்பதிவு 2024 ஜனவரி 9 முதல்தான் தேவையில்லாமல் போனது.

ஃபாஸ்ட்பாஸ் திரும்பவில்லை. அதன் குறுக்கு வரிசைப் பாதை 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் மறுபடி திறந்தது. இந்த முறை அதில் போகக் காசு கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சேவைக்கு அப்போது வைத்த பெயர் ஜீனி பிளஸ், தொடக்க விலை ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர்.